மூன்று மணி நிழல்

அலுவலகத்தில் அவளுக்கு நிழலக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கும் கட்டட வரைபட அலுவலகம் அது. ஜன்னலோரத்து இரண்டாவது மேஜை பதினோரு வருஷமாக அவளுடையது. கீழே டயரைத் தட்டும்போதெல்லாம் மேஜை ஒரு குலுங்கு குலுங்கும். அவளும் கூடவே ஒரு தடவை திடுக்கிடுவாள். பதினோரு வருஷம் கேட்ட சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிற ஆள் என்றால் அவளுடைய சுபாவத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டப்போகிற கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே கட்டிவிடுவதுதான் அங்கே வேலை. சுவர், தூண், மாடிப்படி, ஜன்னல் எல்லாம் அளவு பிசகாமல் எழும்பும். பிறகு ஒரு கோணத்தில் பார்வையை வைத்து, நிழல் பொத்தானைத் தட்டினால், அதுவரை அட்டைப்பெட்டி மாதிரி நின்ற கட்டடம் தரையில் காலூன்றி நிற்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அழகு நிழல். வெளிச்சம் எப்போதும் இடது பக்கத்து மேல் மூலையிலிருந்தே வருவதாக வைத்துக்கொள்வது. விளம்பரப் படத்துக்கு அது போதும். இன்னொன்று நிஜ நிழல். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று கொடுத்தால் அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்குமோ அங்கே நிறுத்தி மென்பொருள் நிழலைப் போட்டுக் காட்டும். நகர அலுவலகத்துக்குப் போகிற படத்தில் நிஜ நிழல்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் பக்கத்து இடத்துக்காரர் தன் வெயில் போகுமா போகாதா என்று தெரிந்துகொள்வார். நிழலக்கா நிஜ நிழலில் கெட்டிக்காரி. அவள் கை பட்ட படத்தை முதலாளி திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். கேஸ் குமிழை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எட்டாவது மாடியில் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷன், வீட்டில் இவளுடைய பதற்றத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார். "நீ இழுக்குற இழுப்புல பூட்டே ஒருநாள் கையெடுத்துக் கும்பிடப் போவுது," என்பார்.

இத்தனையும் சரிபார்க்கிறவள் எதைக் கோட்டை விட்டாள் என்பதுதான் இந்தக் கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கட்டட அனுமதிக்கான விசாரணைத் தேதி அச்சடித்த அறிவிப்பை ஒட்டுவதற்காக அவள் ஒரு மனைக்குப் போனாள். எட்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிற மனை. ஒட்டிவிட்டு அதைப் படமெடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மனையில் இப்போதைக்கு ஒரு பழைய தகரக் கொட்டகை மட்டும் நின்றது. பின்னால் ரயில்வேயின் காலி நிலம். வலது பக்கம் வேலிக்கு அந்தப் புறம் ஒரு செடிப் பண்ணை. ரோஜாத் தொட்டிகளும் கன்றுப் பைகளும் வரிசை வரிசையாக வெயிலில் இருந்தன.

வாசல் பலகையில் அவள் போட்ட மூன்று படங்கள் ஏற்கெனவே மாட்டியிருந்தன. குளிர்காலத்தில் காலை ஒன்பது மணி, பகல் பன்னிரண்டு மணி, மாலை மூன்று மணி. மூன்று மணிப் படத்தில் கட்டடத்தின் நீள நிழல் பின்பக்கமாகச் சாய்ந்து ரயில்வே நிலத்தில் விழுந்தது. செடிப் பண்ணையின் ஒரு மூலையை மட்டும் லேசாகத் தொட்டது. பசை தடவிய அறிவிப்பைப் பலகையில் அழுத்திக்கொண்டே அவள் சும்மாதான் திரும்பிப் பார்த்தாள்.

தகரக் கொட்டகையின் நிழல் நேராகச் செடிப் பண்ணைக்குள் விழுந்திருந்தது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று அடிக்க நான்கு நிமிஷம். படத்தில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் பத்தே நாள். கொட்டகையின் சுவரும் வரப்போகிற கட்டடத்தின் சுவரும் ஒரே வாக்கில்தான் ஓடுகின்றன. அதே நேரம், அதே வெயில். அப்படியிருக்க, படத்து நிழல் பின்னால் போகிறது, நிஜ நிழல் வலது பக்கம் போகிறது. பசைக் கையோடு அப்படியே நின்றாள். அறிவிப்பின் ஒரு முனை உரிந்து தொங்கியது.

விஷயம் இதுதான். அந்தச் சாலை வடக்கு தெற்காகவும் போகாமல் கிழக்கு மேற்காகவும் போகாமல் கோணலாகப் போகிறது. மனையும் அதோடு சேர்ந்து கோணல். கோணலாகவே வரைந்தால் திரையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். ஆகவே இந்தத் தொழிலில் எல்லோரும் மனையை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைவார்கள். திரையின் மேல்பக்கத்துக்கு வசதிக்காக வடக்கு என்று பெயர். நிஜமான வடக்கு எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறது என்பதை வேறொரு இடத்தில் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். சூரியன் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நகரும். இந்த மனைக்கு அது நாற்பது டிகிரி. வேலைக்கு நடுவில் கோப்பு ஒருமுறை கெட்டுப்போனதால், அவசரத்துக்கு ஒரு பழைய வேலையின் கோப்பை நகலெடுத்து அதற்குள் கட்டடத்தை மறுபடி எழுப்பினாள். அந்தப் பழைய கோப்பில் அந்த எண் பூஜ்ஜியம். மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தாளின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் அவள் கையால் சரியாக நாற்பது டிகிரி திருப்பி வைத்திருந்தாள். அந்த அம்பு வெறும் படம்; சூரியனுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு தடவை சரிபார்த்தபோதும் அம்பைப் பார்த்தாள், திருப்திப்பட்டாள். மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அம்பைத்தான் பார்த்தாள்.

வேறு யாராவது என்றால் படத்தைத் திருத்துவதோடு போயிருக்கும். அவளால் அப்படி விட முடியாததற்குக் காரணம் வேறு. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு செடிக்காரரிடம் போனது அவளேதான். வேலியோரத்தில் நிற்க வைத்து, விரலால் கோடு கோடாகக் காட்டி, "உங்க பக்கம் நிழல் வராதுங்க, சாயந்தரம் இந்த மூலையில கொஞ்சம் தொடும், அவ்வளவுதான்," என்று சொன்னதும் அவளேதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை விசாரணையில் அந்தக் கையெழுத்தை வைத்து அனுமதி கொடுத்துவிடுவார்கள். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதென்றால் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது நாளை ஐந்து மணி.

அன்று மாலை புருஷனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்தது.

"உங்க முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. காலையில சொல்லணும். வேலையே போயிடுமோன்னு பயமா இருக்குங்க."

"போனா போகட்டும்னு நான் சொல்லிடுவேன். ஆனா நீ அப்படி இருக்க மாட்டியே," என்றார் அவர். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "லிஃப்ட் கயிறு சரியா இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் இல்லன்னு தெரிஞ்சா, நான் எங்க போய் நிப்பேன்?" என்றார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதன்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய்க் கோப்பைத் திறந்தாள். பூஜ்ஜியம் இருந்த கட்டத்தில் நாற்பது என்று தட்டினாள். திரையில் கட்டடம் அசையவில்லை. நிழல் மட்டும் கடிகார முள் போல நகர்ந்து, செடிப் பண்ணையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கே தொட ஆரம்பித்து, மூன்று மணிக்குப் பண்ணையில் பாதியைக் கறுப்பாக்கிவிட்டது. அவள் நிழலை அணைத்துப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். மாறுமா என்ன?

முதலாளி கெட்டவர் இல்லை. கட்டடக்கலை படித்து, சொந்தமாக இந்த அலுவலகத்தை ஆரம்பித்து, யாரையும் அதட்டாமல் நடத்துகிற மனுஷர். வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய் இருக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்பு சரியாத்தானே இருக்கு?" என்றார் கடைசியில்.

"அம்பு சரியா இருக்கு சார். சூரியன்தான் தப்பா இருக்கு."

"யாரும்மா இதெல்லாம் போய் ஒத்துப் பாக்கப் போறாங்க? நாளைக்கு விசாரணை முடியட்டும். அப்புறம் திருத்தின படத்த உள்ள வெச்சிடலாம்."

"அவர் கையெழுத்து போட்டது பழைய படத்தப் பாத்துதான் சார்."

"தெரியுது. நிழலக் குறைக்க எட்டு மாடிய அஞ்சா குறைக்கணும்னு நான் கட்டப்போற பார்ட்டிகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது? மணிக்கு ஒரு தடவ போன் பண்றார்." அவர் குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. "ரெண்டு நாள் பொறுத்துக்க. நான் ஏதாவது வழி பண்றேன்."

ரெண்டு நாள் பொறுத்தால் கதை முடிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். அவள் தலையாட்டிவிட்டு மேஜைக்கு வந்தாள். ஒரு மணி வரை ஏதோ ஒரு கழிவறையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை எண்ணினாலும் வேறு வேறு எண் வந்தது. அதற்குமேல் முடியவில்லை. திருத்திய படத்தை அச்செடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, வயிற்று வலி என்று சொல்லி அரைநாள் விடுப்பு எடுத்தாள். வயிறு நிஜமாகவே வலித்தது.

செடிக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஐஸ் குச்சிகளில் செடிப் பெயரை எழுதித் தொட்டிகளில் செருகிக்கொண்டிருந்தார். அவள் படத்தை ஒரு பலகைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கன்றுப் பையை வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைத் தொடாமலே பேசினார்.

"போன தடவ கொண்டாந்ததும் நீங்க போட்ட படந்தானே?"

"ஆமாங்க."

"அதுவும் கம்ப்யூட்டர் போட்டதுதானே?"

"ஆமாங்க. அதுல நான் ஒரு எண்ண மாத்தாம விட்டுட்டேன்."

"அப்ப இத எத நம்பிப் பாக்கறது?" அவர் குச்சியைக் கீழே வைத்தார். "உங்க சார் அனுப்பினாரா? கையெழுத்த வாங்கிட்டு, வேற எதிலயோ எழுதி வாங்கப் பாக்கறீங்களா? வெளிப்படையா சொல்லிடும்மா. எனக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியாது."

இந்தக் கேள்வி வருமென்று அவள் நினைக்கவே இல்லை. திட்டுவார், கத்துவார், அழுவார் என்று பேருந்தில் வரும்போது எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்திருந்தாள். நம்ப மாட்டார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. மணி இரண்டே கால். அவளிடம் இருந்ததெல்லாம் இன்னொரு படம்தான்.

கொடிகளுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த மூங்கில் குச்சிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படத்த விடுங்க," என்றாள். "எட்டடியில ஒரு குச்சி தர முடியுமா? கட்டடம் எண்பதடி. குச்சி அதுல பத்துல ஒண்ணு. கட்டடத்தோட மூலை எங்க வரப்போவுதுன்னு சர்வேயர் முளை அடிச்சிருக்கார். அங்க நட்டு வைப்போம். மூணு மணிக்கு அதோட நிழல் எந்தப் பக்கம் எத்தனை அடி விழுதுன்னு நீங்களே அளந்து பாருங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

குச்சி அவருக்குப் புரிகிற பாஷை. ஒரு நல்ல குச்சியாகப் பார்த்து எடுத்து, எட்டடிக்கு வெட்டினார். வேலியில் ஒரு இடத்தில் கம்பி தளர்ந்திருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து இருவரும் அந்தப் பக்கம் நுழைந்தார்கள். அவர் குச்சியை முளையருகே நிறுத்தி, கல்லை அண்டைகொடுத்து, நூலில் ஒரு ஆணியைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தார். அவ்வளவு நேரம் காய்ந்த வெயில் அப்போது பார்த்து மேகத்துக்குள் போய்விட்டது.

மூன்று மணி ஆயிற்று. நிழல் இல்லை. மூன்று பத்து. இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி அண்ணாந்து பார்த்தாள். நகர அலுவலகம் போக எப்படியும் அரை மணி ஆகும். வாழ்க்கையில் எத்தனையோ இல்லாத விஷயத்துக்குப் பயந்திருக்கிறாள். இந்த மேகம் உண்மையாகவே இருந்தது.

"நீங்க ஒக்காருங்கம்மா. கீழ விழுந்துடப் போறீங்க," என்றார் செடிக்காரர்.

மூன்று இருபத்தைந்துக்கு மேகம் விலகியது. குச்சியின் அடியிலிருந்து நிழல் பளிச்சென்று நீண்டு வேலியைத் தொட்டது. அவர் குனிந்து டேப்பை வைத்து அளந்தார். பதின்மூன்றடி. நிழலின் வாக்கிலேயே ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டித் தன் பண்ணைக்குள் போனார். பத்து மடங்கு என்றால் நூற்று முப்பதடி. தொட்டிகளைத் தாண்டினார், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், பச்சை வலைக் கூரையைத் தாண்டினார். அவள் கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில், புதிதாக மண் வெட்டிப் பாத்தி கட்டிய இடத்தில் அவர் நின்றுவிட்டார். முழங்கால் உயரத்துக்கு ரோஜாக் கன்றுகள். எல்லாம் ஒரே வயது.

அவள் கயிற்றை விட்டுவிட்டுப் போனாள்.

"இங்க முன்னாடி ஒண்ணும் இல்ல," என்றார் அவர், பாத்தியைப் பார்த்துக்கொண்டே. "கட்டடம் வந்தாலும் சாயந்தரம் வரைக்கும் வெயில் இருக்கிற எடம் எதுன்னு, நீங்க கொடுத்த படத்தச் செவுத்துல ஒட்டி வெச்சுப் பாத்தேன். பாத்துட்டு, எல்லாக் கன்னையும் இங்க மாத்தி நட்டேன்."

இதுவரை அவள் போட்ட நிழல்களிலேயே மிகச் சரியானது அந்தக் கயிற்றுக் கோடுதான். அது தப்பாக இருந்திருக்கக்கூடாதா என்று முதல் தடவையாக ஏங்கினாள்.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அத அப்புறம் பாக்கலாம். எழுதறதுக்குத் தாள் இருக்கா?"

படத்தின் பின்பக்கத்தில் அவளே எழுதினாள். முன்பு காட்டிய படத்தில் வடக்கு தவறாக இருந்தது, அதை நம்பிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அவர் கையெழுத்துப் போட்டார். கீழே, சாட்சி என்று எழுதவேண்டிய இடத்தில், படம் வரைந்தவர் என்று எழுதித் தன் பெயரை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல முழுப்பெயர்.

தொட்டி ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் போனார்கள். நகர அலுவலகத்தில் தபால் வாங்கும் ஜன்னலில் நான்கு பேர் வரிசை. ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அந்தத் தாளில் முத்திரை விழுந்தது. ஜன்னலுக்குள் இருந்தவர் படத்தைப் புரட்டி, அலுவலகப் பெயரைப் பார்த்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கட்டுறவங்க பக்கமா, இவர் பக்கமா?"

"படம் போட்டவங்க," என்றாள்.

மறுநாள் விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. பத்தரைக்கே அலுவலகத்துக்குச் செய்தி வந்துவிட்டது. முதலாளி தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டபோது, மேஜை இழுப்பறையில் இருந்த சொந்தச் சாமான்களை அவள் ஏற்கெனவே பையில் போட்டு வைத்திருந்தாள். ஒரு சீப்பு, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், தலைவலி மாத்திரை. முத்திரை விழுந்த தாளின் நகல் அவர் முன்னால் இருந்தது. மிட்டாயைக்கூட அவர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றார்.

"சொன்னேனே சார்."

கீழே டயரைத் தட்டினார்கள். மேஜை குலுங்கியது.

"பார்ட்டி இந்த வேலைய நம்மகிட்டயே வெச்சுப்பாரான்னு தெரியல. அது என் பாடு. உன்ன நிறுத்தப் போறதில்ல. ஆனா இனிமே உன் கைல படத்த விட்டுட்டு நான் சும்மா இருக்கப் போறதில்ல. நீ போடுற ஒவ்வொரு நிழலையும் நான் ஒக்காந்து பாப்பேன். தேதி, நேரம், வடக்கு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாப்பேன். நான் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகும். கௌரவக் குறைச்சலா இருந்தா சொல்லிடு."

தண்டனையாகத்தான் அவர் அதைச் சொன்னார். பதினோரு வருஷம் யாரும் தொடாத படங்களுக்கு இனிமேல் மேற்பார்வை. வெளியே இருக்கிறவர்கள் காதிலும் விழுந்திருக்கும். நிழலக்கா என்ற பெயர் இன்றோடு கொஞ்சம் இளப்பமாகிவிடும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறி எழுந்து, "ஏம்மா, நான் என்ன பெரிசா சொல்லிட்டேன்," என்றார்.

அது நிம்மதியில் வந்த கண்ணீர். பதினோரு வருஷமாக அவள் மட்டுமே பார்த்தாள். அவள் பார்த்தால் போதும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தப் பாரம் தன் முதுகில் இருந்ததே அதை இறக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்குப் போய், தான் மட்டுமே பார்த்து அனுப்பிய ஒரு பழைய வேலையின் நிழல் படங்கள் இருந்த கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுலேர்ந்து ஆரம்பிங்க சார்," என்றாள்.